ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு வெறுமை

வியாழக்கிழமை காலை ஆறு இருபதுக்குக் கல்முனையில் இறங்கினேன். ஊர் எனக்கு முன்பே விழித்திருந்தது. தொப்பி போட்ட ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து நேராகத் தேநீர்க் கடைக்கு வந்துகொண்டிருந்தார்கள். மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்கள் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு சந்து சந்தாக நுழைந்தன. சென்னையில் பால்காரர் செய்கிற வேலையை இங்கே மீன்காரர் செய்கிறார்.

ஒரு கடையில் உட்கார்ந்தேன். இடியப்பம், சொதி, சிவந்த தேங்காய்ச் சம்பல். குடிக்கப் பிளேன்டி தந்தார்கள். பால் இல்லாத தேநீர், இஞ்சி நசுக்கிப் போட்டது. எங்கள் வீட்டில் வயிறு சரியில்லாதவர்களுக்குத்தான் பால் சேர்க்காமல் கொடுப்போம். இங்கே இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"இந்தியாவா மிஸ்?" என்றார் பரிமாறியவர்.

"எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"இடியப்பத்துக்குச் சட்டினி கேட்டீங்களே, அதிலதான் தெரிஞ்ச."

நான் வந்தது ஓர் ஓவியத்துக்காக. சென்னையில் ஓவியங்களைச் சேகரித்துக் காட்சிக்கு வைக்கும் ஒரு சிறிய இடத்தில் இருபத்திரண்டு வருடங்களாகப் பதிவேடு எழுதுகிறேன். ஓர் ஓவியம் உள்ளே வந்தால் அதை அளப்பேன். துணியா பலகையா, எங்கே கீறல், எங்கே பூஞ்சணம் என்று எழுதுவேன். மருதமுனையைச் சேர்ந்த லத்தீப் என்பவர் சென்னையில் ஓவியம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். சுனாமிக்கு மூன்று வாரம் முன்பு எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பெரிய ஓவியம் ஒன்றை முடித்துவிட்டதாகவும், ஒன்பது அடி நீளம், நான்கு அடி உயரம் என்றும், சுருட்டிக் குழாயில் போட்டு வைத்திருப்பதாகவும், அனுப்ப வழி பார்ப்பதாகவும் அதில் இருந்தது. கூடவே, அதன் சிறிய மாதிரியை உள்ளங்கை அளவு தாளில் வரைந்து வைத்திருந்தார். கடிதம் எங்களுக்கு வந்து சேர்ந்தபோது அவர் இல்லை. கடல் கொண்டுபோயிருந்தது.

பிறகு யுத்தம் மறுபடி மூண்டு, யாரும் யாரையும் விசாரிக்க முடியாத வருடங்கள் வந்தன. இப்போது யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. எங்கள் இடத்தில் ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்தது. ஓவியம் தப்பிவிட்டது, லத்தீபின் அக்காவிடம் இருக்கிறது என்று தகவல் கிடைத்தது. முழுதாக இருந்தால், வீட்டார் சம்மதித்தால், கையோடு கொண்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

மருதமுனை கல்முனைக்கு அடுத்த ஊர். ஓட்டோவில் போனேன். ஒவ்வொரு சந்திலும் தறிச் சத்தம் கேட்டது. லத்தீபின் அக்கா ஹிதாயாவின் வீடு கடலிலிருந்து எட்டாவது தெருவில் இருந்தது. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். வீட்டின் பின்னால் கொட்டகை போட்டு நான்கு தறி வைத்திருக்கிறார்; சாரன், சேலை இரண்டுக்கும் தட்டுப்பாடில்லாமல் ஓடர் வருகிறதாம்.

"முந்தி எங்கட வீடு கடலுக்கு ரெண்டு வளவு தள்ளி இருந்த. இப்ப கடலப் பாக்கணும் எண்டா ஓட்டோ பிடிக்கணும்" என்று சொல்லி என்னை முன்னறைக்குள் அழைத்துப் போனார்.

சுவரில் அது இருந்தது.

நோட்டுப் புத்தகத்தில் "சிவப்பு வட்டம்" என்று எழுதப் போய் நிறுத்தினேன். வட்டம் இல்லை. மேலே உப்பி, கீழே தட்டையாகி, வலப்பக்கம் சாய்ந்து நிற்கும் ஒரு பெரிய சிவப்பு. நனைந்த செங்கல்லின் சிவப்பு. இடது விளிம்பில் மேலிருந்து கீழ்வரை கருநீலப் பட்டை. சிவப்பின் அடியில், அதை முட்டுக்கொடுப்பது போல, கடுகு மஞ்சளில் ஒரு முக்கோணம். சிவப்பின் அடியிலிருந்து வலது விளிம்பு வரை ஒரு மெல்லிய கோடு. எந்தப் பொருளின் உருவமும் இல்லை. ஆனால் அந்தச் சிவப்பு வலப்பக்கம் சட்டத்தை உடைத்துக்கொண்டு தரையில் விழுந்துவிடும் போல எனக்கு உடம்பில் ஒரு பதற்றம் வந்தது. கையை நீட்டிப் பிடிக்கத் தோன்றியது.

"இது என்ன படம் எண்டு வாறவங்க எல்லாம் கேப்பாங்க" என்றார் ஹிதாயா. "பக்கத்து வீட்டு மாமி சூரியன் எண்டா. டொக்டர் மாப்பிள்ள சிறுநீரகம் எண்டார். ஒரு புள்ள தக்காளிப்பழம் எண்டிச்சி. உருவம் இல்லாததால வீட்டில மாட்ட ஏலும், அது போதும் எனக்கு. தம்பி கீறினது."

அளவுநாடாவை எடுத்தேன். உயரம் மூன்று அடி பத்தரை அங்குலம். மேலும் கீழும் மடித்துத் தைத்தது போக, சரி. நீளம் இரண்டு அடி பதினொரு அங்குலம். மறுபடி அளந்தேன். அதேதான்.

"ஒன்பது அடி என்று கடிதத்தில் இருக்கிறதே, மாதிரியிலும் வலப்பக்கம் இன்னும் நீள்கிறதே" என்றேன்.

"ஓம். இது என்ட பங்கு. காக்காட பங்கு பொத்துவில்ல இரிக்கி."

காக்கா என்றால் அண்ணன் என்று புரிந்தது; மற்றது விளங்கவில்லை. அவர் உட்காரச் சொல்லிவிட்டு நிதானமாகச் சொன்னார். அலை வந்தபோது லத்தீப் கடற்கரையோர அறையில் தனியாக இருந்தார். உடல் மறுநாள் கிடைத்தது. அறையில் இருந்த ஒரு பொருளும் கிடைக்கவில்லை. பதினோராம் நாள், பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு விவசாயி, வயலுக்குள் ஒதுங்கிக் கிடந்த தண்ணீர்க் குழாய் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் மூடி அடித்த குழாய். மேலே லத்தீபின் பெயர் எழுதியிருந்தது. உள்ளே துணி நனையாமல் இருந்தது.

"தம்பி கலியாணம் முடிக்கல்ல. உம்மா வாப்பாவும் இல்ல. நானும் காக்காவும்தான். மார்க்கப்படி ஆணுக்கு ரெண்டு பங்கு, பொண்ணுக்கு ஒரு பங்கு. அந்தத் துணியத் தவிர பங்கு வெக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. அது வேணும் எண்டு நானும் சொல்லல்ல, காக்காவும் சொல்லல்ல. ஆனா ரெண்டு பேரும் கைய எடுக்கல்ல." கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். "நாங்க நெசவுக்காரர்ர புள்ளைகள். துணி எண்டா முழம் போட்டு வெட்டுறது. நான் இழுத்துப் பிடிச்ச, காக்கா கத்திரிக்கோல் போட்ட. மூணு அடி எனக்கு, ஆறு அடி அவருக்கு. மறுகா பள்ளிவாசல் லெவ்வை கேள்விப்பட்டு நெத்தியில அடிச்சிக்கிட்டார். பெறுமதியப் பிரிக்கச் சொன்னா துணிய வெட்டிட்டீங்களா எண்டு கேட்டார்."

அதைச் சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் கரையான் தின்ற ஓவியத்தையும், எலி கடித்ததையும் பதிந்திருக்கிறேன். அன்பினால் வெட்டியது இதுதான் முதல்.

பகல் சாப்பாடு அங்கேதான். வெள்ளைச் சோறு, பாரை மீன் ஆணம், வல்லாரைச் சம்பல். கடைசியில் மண்சட்டியில் எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்று கவிழ்த்தே காட்டினார்கள். சென்னைத் தயிரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு ஓவியத்தைக் காட்சிக்குத் தர முடியுமா என்று கேட்டேன்.

"என்டது போகாது, தங்கச்சி. குறை நினைக்காதீங்க. காக்காட்ட கேளுங்க, அவர் தருவார்." பிறகு, தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "காக்கா இஞ்ச வந்தா முன்னறையில இருக்கிறல்ல. அடுக்களைக்கு வந்து பலகை போட்டுக் குந்திருவார். அஞ்சு வருசமா அப்பிடித்தான். ஏன் எண்டு கேட்டா 'காத்து இல்ல' எண்டுவார். முன்னறையிலதான் ஃபேன் இரிக்கி."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பொத்துவில் பஸ். இந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். ஹிதாயாவின் அண்ணன் மீராசாகிபுவும் அப்படிப் போனவர். முப்பது வருடமாகப் பொத்துவிலில் மனைவி வீட்டில் இருக்கிறார், மேசன் வேலை, நாங்கள் கொத்தனார் என்போம்.

கோமாரியில் பஸ்ஸின் பின்சக்கரம் வெடித்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்து, நல்ல செய்தி சொல்பவரைப் போல, "ஒண்டுதான் போயிரிக்கி" என்றார். எல்லோரும் தென்னை நிழலில் உட்கார்ந்தோம். திருக்கோவிலில் ஏறிய அம்மா ஒருவர் கூடையிலிருந்து அவித்த கச்சான், அதாவது நிலக்கடலை, எடுத்து எனக்கும் கொடுத்தார். அவர் பக்கத்தில் தொப்பிக்காரர் ஒருவர். இருவரும் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்பதைப் பற்றி ஒரு மணி நேரம் விடாமல் வாதாடினார்கள். தண்டவாளம் போல நீண்டு கிடந்த கடற்கரையில் வீடுகளின் அடித்தளங்கள் மட்டும் இருந்தன. படிகள் இருந்தன, வீடு இல்லை. ஒரு மணி பத்து நிமிடம் கழித்துப் புறப்பட்டோம்.

பொத்துவிலில் இறங்கியபோது, அறுகம்பே பக்கம் போகும் ஓட்டோக்களின் கூரையில் நீளமான அலைப்பலகைகளைக் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் போனார்கள். அந்தக் கடலுக்குள் விளையாடுவதற்கென்றே அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

மீராசாகிபு ஜும்ஆ முடிந்து வந்தார். வயது அறுபதை நெருங்கும். சிமெந்து தின்ற விரல்கள். என்னைப் பார்த்ததும், "தங்கச்சி ஃபோன்ல சொன்ன. வாங்க மிஸ், பாருங்க, நல்லாப் பாருங்க" என்று ஓர் அறைக்குள் அழைத்துப் போனார்.

கதவுக்குப் பின்னால், கதவைத் திறந்தால் மறைந்துவிடும் சுவரில், அது ஆணியடித்து மாட்டியிருந்தது. ஐந்து அடி பத்து அங்குலம். கஞ்சி நிறத்தில் ஒரு பெரிய பரப்பு. அதன் மேல் சாம்பல், அதன் மேல் இன்னொரு சாம்பல், மெல்லிசாக. இடது விளிம்பிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, நூலாகி, நடுவிலேயே கரைந்துபோகிறது. வலது கீழ் மூலையின் பக்கத்தில் சாய்வாக ஒரு கறுப்புக் கீற்று, என் பெருவிரல் நீளம். அவ்வளவுதான்.

நானும் உள்ளுக்குள் ஏமாந்தேன். அதை மறைக்கவேண்டியிருந்தது.

"ஒண்டும் இல்ல, என்ன?" என்றார் அவர்.

அவர் மனைவி றமீசா வாசலில் நின்றபடி, "இத மாட்ட முந்தி நான் நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்த மிஸ். எங்கயாவது ஒரு முகம் ஒளிச்சி வெச்சிரிப்பாரோ எண்டு. முகம் என்ன, ஒரு எறும்பு கூட இல்ல" என்றார்.

"நீ சும்மா இரி" என்றார் கணவர்.

"நான் சும்மாதான் இரிக்கன். அதுவும் சும்மாதான் இரிக்கி."

றமீசா தேநீர் போடப் போன பிறகு அவர் கதிரையை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டே பேசினார். சுனாமிக்கு முந்திய ஒரு வருடம் அவர் தம்பியோடு கதைக்கவில்லை. படம் கீறி யாருக்குச் சோறு போட்டாய், என்னோடு வேலைக்கு வா என்று ஒருநாள் சத்தம் போட்டிருக்கிறார். லத்தீப் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். பிறகு பதில் வரவே இல்லை.

"துணிய விரிச்ச நேரம் நான் அழுதுக்கிட்டு நிண்ட, ஒண்டும் பாக்கல்ல. முழம் போட்ட, வெட்டின. வீட்ட கொண்டுவந்து மாட்டினதுக்குப் புறகுதான் பாத்த. தங்கச்சிக்கு நிறமெல்லாம். எனக்கு இது. கதைக்காம போன தம்பிட பதில் இதுதான் எண்டு நினைச்ச." கறுப்புக் கீற்றைப் பார்க்காமலே கையால் சுட்டினார். "இதக் கூட, தூரிகையத் துடைச்சிரிப்பான்."

"உங்கள் தங்கையிடம் சொன்னீர்களா?"

"என்னெண்டு சொல்ற? ரெண்டு பங்கு எடுத்தவன் குறை சொல்ல ஏலுமா மிஸ்?"

காட்சிக்குத் தருவதற்கான படிவத்தை எடுத்தேன். திரும்பத் தர வேண்டிய தேதியை எழுதும் இடத்தில் கோடு போடச் சொன்னார். "திருப்பித் தர வேணாம். நீங்களே வெச்சிக்கங்க." கையெழுத்துப் போட்டார். அப்படிப்பட்ட படிவம் கிடைப்பது எங்கள் வேலையில் பெரிய விஷயம். மடித்து வைத்தேன். எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சியும் வரவில்லை.

ஆனால் பதிவேட்டுக்கு இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு புகைப்படம் வேண்டும். அதைச் சொன்னேன். மறுநாள் இரவு மருதமுனையில் ஒரு நிக்காஹ், எப்படியும் போகவேண்டும், தானே தூக்கி வருவதாகச் சொன்னார். அன்று அங்கேயே தங்கினேன். றமீசா ஆட்டிறைச்சியும் வட்டிலப்பமும் செய்து, நான் போதும் என்று சொன்னதை மூன்று முறை காதில் வாங்காமல் பரிமாறினார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் அவர் முன்வரிசையில், சுருட்டிய துணியை முழங்காலுக்கு நடுவே நிறுத்தியபடி உட்கார்ந்திருந்தார். வழியில் ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கினோம். யுத்தம் முடிந்த பிறகு சோதனை சும்மா பேருக்குத்தான் என்றார்கள். ஆனால் நீளமான சுருள் என்றால் பிரிக்கத்தான் வேண்டும். இளம் சிப்பாய் ஒருவன் மேசைமேல் அதை விரித்தான். குனிந்து பார்த்தான். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை நடந்தான். சிங்களத்தில் ஏதோ கேட்டான். நடத்துநர் எங்களுக்குச் சொன்னார்: "படம் எண்டு சொன்னீங்க, படம் எங்க எண்டு கேக்கிறான்."

மரியாதையாகத்தான் கேட்டான், முகத்தில் கேலி இல்லை. அதனால்தான் அது அதிகம் தைத்தது. மீராசாகிபு துணியைச் சுருட்டினார். பஸ்ஸில் ஏறிய பிறகு, "பாத்தீங்களா மிஸ், ஊர் பேர் தெரியாத பொடியனுக்கும் விளங்குது" என்றார்.

மருதமுனையில் இறங்கியதும் வழக்கம்போல நேராக அடுக்களைப் பக்கம் போகப் பார்த்தார். ஹிதாயா மறித்தார். "காக்கா, இண்டைக்கு அங்க போக ஏலா. மிஸ் ரெண்டையும் சேத்துப் படம் எடுக்கணுமாம்."

ஒன்பது அடிக்கு வீட்டுக்குள் சுவர் இல்லை. தறிக்கொட்டகைக்கு முன்னால், சாயம் தோய்த்த நூலைக் காயப்போடும் நீண்ட மூங்கில் இருந்தது. நூலை அகற்றிவிட்டு அதில் தொங்கவிடலாம் என்றார் ஹிதாயா. ஆனால் வெட்டிய விளிம்பு இரண்டையும் மடித்துத் தைத்திருந்தார்கள். சேர்த்து வைத்தால் கோடு பொருந்தாது. ஹிதாயா சவர அலகினால் தையலைப் பிரித்தார். மடிப்புக்குள் ஐந்து வருடம் வெயில் படாமல் இருந்த விரலகலப் பட்டை வெளியே வந்தது. அது கஞ்சி நிறம் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பச்சை, முளைவிட்ட நெல்லை நீருக்கடியில் பார்ப்பது போல. முந்திய நாள் எழுதிய வரியை அடித்துத் திருத்தினேன்.

கவ்விகள் போட்டுத் தொங்கவிட்டோம். மீராசாகிபு ஒரு கண்ணை மூடிப் பார்த்து, தன் துண்டின் இடது மூலையை அரை அங்குலம் தூக்கினார். "மட்டம் இல்லாம இருந்த" என்றார். சிவப்பின் தட்டையான அடியிலிருந்து கோடு புறப்பட்டு, வெட்டைத் தாண்டி, அவர் பக்கத்துக்குள் போயிற்று.

நான் புகைப்படத்துக்காகப் பின்வாங்கினேன். கிணற்றுக் கட்டு முதுகில் இடித்தது. கமெராவை உயர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

எப்படி எழுதுவது? சிவப்பு அதே சிவப்பு. சாய்ந்திருந்தது, ஆனால் விழவில்லை. முந்தாநாள் என்னைப் பதறவைத்தது இப்போது மூச்சை உள்ளே வைத்துக்கொண்டு நின்றது. அதன் எடை முழுவதும் வலப்பக்கம் அந்த ஆறடிப் பரப்புக்குள் இறங்கிப் பரவியது. பரப்பு அதைத் தாங்கியது. அந்த வெளிறல் வெறுமை இல்லை. சிவப்பு சாய்வதற்கென்று விட்ட இடம். அதற்கு அவ்வளவு நீளம் வேண்டும். ஓரடி குறைந்தாலும் நெருக்கும், கூடினாலும் நழுவும். உள்ளங்கை மாதிரியை எத்தனையோ முறை பார்த்தவள்தான். அதில் இது தெரியவில்லை. அளவு சிறுத்தால் எடையும் போய்விடுகிறது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று குறிக்கவில்லை. என் நோட்டுப் புத்தகத்தில் நேரம் இல்லாத பக்கம் அது ஒன்றுதான்.

மீராசாகிபுவும் பின்வாங்கி என் பக்கத்துக்கு வந்திருந்தார். அவர் பார்த்தது என்னைப் போல இல்லை. சுவர் பார்ப்பதுபோலப் பார்த்தார். கண் சிவப்பில் தொடங்கி, கோட்டோடு போய், கடைசியில் அந்தக் கறுப்புக் கீற்றில் நின்றது. திரும்பிச் சிவப்புக்கு வந்தது. மறுபடி போயிற்று.

"தங்கச்சி" என்றார், "அந்தக் கறுப்புல கைய வை."

ஹிதாயா போய்க் கீற்றை உள்ளங்கையால் மறைத்தார்.

சிவப்பு சரிந்தது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ஒன்பது அடித் துணியும் இடப்பக்கம் பாரமாகிக் கவிழ்வது போல ஆயிற்று.

"எடு."

நின்றது.

"வை." சரிந்தது. "எடு." நின்றது. "வை."

தறியில் இருந்த பெண்கள் மூவரும் சத்தத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். "என்ன காக்கா, ராத்தாவோட கண்ணாமூச்சியா?" என்றாள் ஒருத்தி.

"இஞ்ச வந்து நில்லு. கிணத்தடியில நிண்டு பாரு. தங்கச்சி, வை! பாத்தியா? இப்ப எடு! பாத்தியா?"

அவள் பார்த்தாள். வாயில் இருந்த சிரிப்பு மெல்ல நின்றது. "யா அல்லாஹ்" என்றாள். "பெருவிரலளவு இரிக்கி. அம்புட்டுப் பெரிசப் பிடிச்சி வெச்சிரிக்கி."

"நானும் பாக்கணும்" என்று ஹிதாயா ஓடி வந்தார். இப்போது மீராசாகிபு போய்க் கையை வைத்தார், எடுத்தார். ஹிதாயா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். ஐந்து வருடமாக அந்தச் சிவப்பை முன்னறையில் வைத்துப் பார்த்தவர். "எனக்கு அது எப்பவும் விழப் பாக்கிற மாதிரித்தான் இருந்த, காக்கா. தம்பி கடைசி நேரம் பயந்திரிப்பானோ எண்டு அதப் பாத்துப் பாத்து நினைக்கிற. ஒத்தருக்கும் சொல்லல்ல."

மீராசாகிபு கையைக் கீற்றின் பக்கத்திலேயே, தொடாமல், வைத்திருந்தார். "எனக்கெண்டு அவன் கீறல்ல. அது எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா இது சும்மா விட்ட இடமில்ல. தூரிகை துடைச்சதும் இல்ல. வேலை தெரிஞ்சவன் வெச்சது." பிறகு, யாரையும் பார்க்காமல், "வேலை தெரிஞ்சிருக்கு அவனுக்கு. நான்தான் வேலைக்கு வா எண்டு கூப்பிட்ட."

ஹிதாயா கண்ணைத் துடைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "காக்கா, நீங்க இந்தத் தரம் சிவப்பக் கொண்டு போங்க. நான் இத வெச்சிக்கிறன். இவ்வளவு நாளும் எனக்கு விளங்கல்ல."

"வேணாம்."

"நான் மனசோடதான் சொல்றன்."

"வேணாம் எண்டு சொன்ன. இது என்டது."

சொன்ன பிறகுதான் அவருக்கு என் நினைவு வந்தது. திரும்பினார். நான் பையைத் திறந்து படிவத்தை எடுத்து வைத்திருந்தேன். சட்டப்படி அந்த ஆறடி அப்போது எங்களுடையது. திருப்பித் தர வேண்டிய தேதியில் கோடு.

"மிஸ்," என்றார், "நேத்து நான் பாக்காம கையெழுத்துப் போட்ட."

"நானும் பார்க்காமல்தான் வாங்கினேன்" என்றேன்.

படிவத்தை அவரிடம் கொடுத்தேன். சென்னையில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அந்த ஆறடியை மட்டும் கொண்டுபோய் வெள்ளைச் சுவரில் மாட்டியிருந்தால், வருகிறவர்கள் எல்லோரும் அந்தச் சிப்பாய் கேட்டதைத்தான் கேட்டிருப்பார்கள். ஒன்பதையும் சேர்த்து ஒரு வாரம், வீட்டார் துணைக்கு வந்தால், எப்போதாவது காட்டலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "யோசிப்பம்" என்றார் ஹிதாயா. வேண்டாம் என்பதற்கு அந்த ஊரில் சொல்கிற மரியாதையான சொல் அது என்று ஓட்டோக்காரர் பிறகு சொன்னார். இருக்கலாம்.

சேர்த்து வைத்த அளவுகளை எழுதி, பதினாறு புகைப்படம் எடுத்தேன். மூங்கிலிலிருந்து இறக்கினோம். மடிப்பை மறுபடி தைக்கவேண்டாம், நூலால் விளிம்பை மட்டும் கட்டிக் கொடு என்றார் மீராசாகிபு. ஹிதாயா அப்படியே செய்தார். பகல் சாப்பாட்டை மீராசாகிபு முன்னறையில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார். தறிக்காரப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஹிதாயா சுவரின் வலப்பக்கம் இருந்த கண்ணாடி அலுமாரியைத் தள்ளச் சொன்னார். பீங்கான் கோப்பைகள் குலுங்க நாங்கள் நால்வர் சேர்ந்து அதை அடுத்த அறைக்கு நகர்த்தினோம். சிவப்பை அதே ஆணியில் மாட்டினார். அதன் வலப்பக்கம் அறை முடியும்வரை வெறும் சுவர். "நாலரை அடிதான் வருது" என்றார். "மிச்சத்துக்குக் கதவத் திறந்து வெப்பம்."

மீராசாகிபு ஃபோனை எடுத்தார். காது மந்தம் என்பதால் சத்தமாக்கி வைத்துத்தான் பேசுவார். றமீசாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"இந்தா, மண்டபத்துச் சுவர்ல இரிக்கிற மணிக்கூட்டக் கழட்டு. காலண்டரையும் கழட்டு."

"ஏன், வெள்ளையடிக்கப் போறீங்களா?"

"படத்த அங்க மாட்டப் போறன். இடப்பக்கம் மூணு அடி சும்மா கிடக்கட்டும். ஒண்டும் தொங்கவிடாத. ஆணியும் அடிக்காத."

பின்னால் கோழி ஒன்று கத்துவது கேட்டது.

"சும்மா கிடக்கிறதுக்கு என்னத்துக்கு அளவு?" என்றார் றமீசா.

"அதுக்குத்தான் அளவு வேணும்" என்றார் அவர். "வந்து காட்டுறன், இரி."